பார்ப்பது ஒன்று, எடைபோடுவது இன்னொன்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொலைதூர குவேசார்களில், அதாவது ராட்சதக் கருந்துளையால் பிரகாசிக்கும் விண்மீன் மண்டல மையங்களில், மூலக்கூறு வாயுவைக் கண்டறிவது பற்றி எழுதியிருந்தீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் என்கிறீர்கள். தொலைநோக்கிக்குத் தெரிவதோ கார்பன் மோனாக்சைடு. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றின் எடையைச் சொல்வது ஊகம்தானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எடையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வாயு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் ஒன்றுபோலவே இருப்பதால், அது சுழன்றாலும் ரேடியோ அலை வெளிப்படுவதில்லை. அதைத் தூண்டி அகச்சிவப்பில் மங்கலாக ஒளிரச் செய்யவே சுமார் 500 கெல்வினுக்கு (மைனஸ் 273 டிகிரி செல்சியஸைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் வெப்ப அளவு) இணையான ஆற்றல் வேண்டும். விண்மீன் பிறக்கும் மேகங்களோ பெரும்பாலும் 10, 20 கெல்வினில் கிடப்பவை. கார்பன் மோனாக்சைடைச் சுழலவைக்க 5.5 கெல்வின் போதும். அதை மோதிச் சுழலவைப்பது பெரும்பாலும் அந்த ஹைட்ரஜன்தான். ஆக, நமக்கு வரும் அலையே ஹைட்ரஜன் கொடுத்த அடியின் விளைவு.

ஜே1148+5251 என்ற குவேசாரைப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடின் மூன்றாவது சுழற்சிக் கோடு, அதாவது அது சுழலும்போது வெளிவிடும் குறிப்பிட்ட அலை, 345.8 கிகாஹெர்ட்ஸில் கிளம்பும். பிரபஞ்சம் விரிந்ததில் அலை 7.42 மடங்கு நீண்டு, 46.6 கிகாஹெர்ட்ஸில் வந்து சேர்ந்தது. நியூ மெக்சிகோவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி அதைப் பிடித்தது. முடிவு 2003இல் வெளியானது. வாயுவின் நிறை சுமார் 2000 கோடி சூரியன்கள் என்று கணக்கிட்டார்கள்.

நீங்கள் சந்தேகப்பட வேண்டியது இந்த 2000 கோடியைத்தான். அலையின் வலிமையை நிறையாக மாற்றும் பெருக்கெண் நம் பால்வீதிக்கு ஒன்று, விண்மீன்கள் மிக வேகமாகப் பிறக்கும் விண்மீன் மண்டலங்களுக்கு வேறொன்று. இரண்டுக்கும் ஏறத்தாழ ஐந்து மடங்கு வித்தியாசம். 1991இல் எஃப்10214+4724 என்ற விண்மீன் மண்டலத்தில் இப்படி வாயுவைக் கண்டபோது நிறை மிகப் பெரிதாகத் தெரிந்தது. இடையிலிருந்த வேறொரு மண்டலத்தின் ஈர்ப்பு அதன் ஒளியைப் பெருக்கிக் காட்டியது பிறகு தெரிந்து, கணக்கைக் குறைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் எனக்குத் தூக்கம் போனது எடையால் அல்ல. பெருவெடிப்பு கார்பனையோ ஆக்சிஜனையோ உண்டாக்கவில்லை. அவை விண்மீன்களுக்குள் உருவானவை. அந்த அலை கிளம்பியபோது பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 87 கோடி ஆண்டுகள். அதற்குள் அங்கே ஒரு தலைமுறை விண்மீன்களாவது பிறந்து, எரிந்து, செத்து, தம் சாம்பலை இறைத்துவிட்டிருக்கின்றன. பெருக்கெண் எதுவானாலும் இது மாறாது.

உங்கள் சந்தேகத்தோடு நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். அப்போது பெருவெடிப்பின் மிச்சமான பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சே 20 கெல்வினில் இருந்தது. அதே குளிர்ச்சியில் கிடந்த வாயு அந்தப் பின்னணியில் கரைந்து, நம் கணக்கில் சேராமலே போயிருக்கலாம்.

அன்புடன்