பழைய ஐரோப்பாவில் பெயர்பெற்ற குறிசொல்லிகள் யார்? அவர்களிடம் மக்கள் உண்மையில் என்ன கேட்டார்கள்?

இந்தக் கேள்விக்கு நாஸ்திரதாமஸ் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுபவர்களே அதிகம். 1555-இல் அவர் அச்சிட்ட நாலடிப் பாடல்களையும், 1559-இல் ஈட்டிப் போட்டியில் கண்ணில் சிம்பு பாய்ந்து இறந்துபோன பிரான்சின் மன்னர் இரண்டாம் ஹென்றியையும் முடிச்சுப் போட்டுப் பேசுவது இன்றும் ஓயவில்லை. அந்த முடிச்சு மன்னர் இறந்த பிறகு போடப்பட்டது என்பதோடு அவரை விட்டுவிடுகிறேன். 16 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை குறி சொல்வது ஊருக்கு ஊர் நடந்துவந்த ஒரு தொழில். அதன் மூலதனம் எதிர்காலத்தைப் பற்றிய அறிவு அன்று. வந்தவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போன இரகசியங்களே என்பது என் கருத்து. இதை விளங்கவைக்க இருவர் போதும். ஒருவர் இலண்டன் வில்லியம் லில்லி, மற்றவர் பாரிசில் 'லா வுவாசான்' என்று அறியப்பட்ட கத்தரீன் மோன்வுவாசான்.

லில்லி 1602-இல் லெஸ்டர்ஷயரின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1620-இல் பிழைப்புத் தேடி இலண்டன் வந்து, எழுத்தறியாத ஒரு முதலாளியின் வீட்டில் வேலைக்காரராக இருந்து, முதலாளி இறந்தபின் அவருடைய விதவையையே மணந்துகொண்டவர். சோதிடம் படித்ததெல்லாம் முப்பது வயதை ஒட்டித்தான். ஆனால் 1640-களில் ஸ்டிராண்ட் தெருவிலிருந்த அவருடைய வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 பேர் வந்துபோனதை அவரே எழுதிவைத்த குறிப்பேடுகள் காட்டுகின்றன. வழக்கமான கட்டணம் அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங். ஓடிப்போன வேலைக்காரன் எங்கே, காணாமற்போன வெள்ளிக் கரண்டியை எடுத்தது யார், கடலுக்குப் போன கணவர் உயிரோடு இருக்கிறாரா, இவரைக் கட்டிக்கொள்ளலாமா என்பவைதான் கேள்விகள். அரசர்களின் தலைவிதியைக் கேட்க வந்தவர்கள் சிலரே.

பதில் சொல்லும் முறை நமக்குப் புதிதன்று. கேட்பவரின் பிறந்த நேரம் தேவையில்லை. கேள்வி காதில் விழுந்த நேரத்துக்குச் சக்கரம் போட்டுப் பலன் பார்ப்பார்கள். நம் சோதிடர்கள் பிரசன்னம் என்று சொல்வதும் இதைத்தான். 1647-இல் அவர் எழுதிய பெரிய சோதிட நூல் இலத்தீனில் அல்லாமல் ஆங்கிலத்தில் வந்ததால், படிப்பாளிகளுக்கு மட்டுமே எட்டியிருந்த அந்தக் கலை கடைக்காரருக்கும் எட்டியது. அதில் அவர் எடுத்துக்காட்டாகத் தந்திருக்கும் சக்கரங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது, அவருடைய சொந்த மீன் களவுபோன கதை.

1638 பிப்ரவரி. தவக்காலத்துக்கு வேண்டிய மீனை இலண்டனில் வாங்கி, தேம்ஸ் வழியே படகில் வால்டனுக்கு வரவழைத்திருந்தார். 10-ஆம் நாள், மீனைக் கொண்டுவந்து தர வேண்டிய படகுக்காரர், இரவில் தம் கிடங்கு உடைக்கப்பட்டு மீன் பறிபோன செய்தியைத்தான் சொன்னார். செய்தி காதில் விழுந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு சக்கரம் போட்டார். கிரகங்கள் நீர் ராசிகளில் நின்றதைக் கொண்டு, திருடன் ஆற்றை நம்பிப் பிழைப்பவன் என்று முடிவுகட்டினார். பிறகு அக்கம்பக்கத்தில் விசாரித்து, கை நீளம் என்று பெயரெடுத்த ஒரு மீனவனைப் பற்றித் தெரிந்துகொண்டு, நீதிபதியிடம் சோதனை ஆணையும் வாங்கி, அதை யாருக்கும் காட்டாமல் 18-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருந்தார். அன்று காவலரோடும் படகுக்காரரோடும் அந்த ஒரு வீட்டை மட்டும் சோதித்தபோது, தின்றது போக மிச்சமிருந்த மீன் அங்கே தண்ணீரில் கிடந்தது. மீனோடு களவுபோன தன் சாக்காவது கிடைத்தால் போதும் என்று படகுக்காரர் சொல்ல, தன் கணவர் மீன் கொண்டுவந்த சாக்கைத் தவிர வேறு சாக்கே வீட்டில் இல்லை என்று அந்த வீட்டுப் பெண் பதில் சொன்னாளாம். மீனோடு போன ஏழு போர்ச்சுகல் வெங்காயங்களைக் கஞ்சியில் போட்டுக் குடித்து முடித்திருந்தார்கள். கிடைத்த மீனை லில்லி திருப்பிக் கேட்கவில்லை.

இதில் கிரகங்களின் பங்கு எவ்வளவு, ஊர்வாயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன். எனக்குச் சோதிடத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் லில்லியை ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. திருடனைப் பிடிக்க ஊர்க்காவலரைத் தவிர வேறு நாதியில்லாத காலத்தில், தினமும் ஐந்தாறு பேரின் வீட்டுக் கதைகளைக் கேட்டுக் குறித்துவைத்துக்கொண்ட ஒருவருக்கு நகரத்தைப் பற்றித் தெரிந்த அளவு யாருக்குத் தெரிந்திருக்கும்?

அரசியலும் அந்த வாசலுக்கு வந்தது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில் லில்லி நாடாளுமன்றத்தின் பக்கம். அவருடைய பஞ்சாங்கம் ஆண்டுக்கு 30,000 படிகள் வரை விற்றது. 1648-இல் கொல்செஸ்டர் முற்றுகையின்போது படைவீரர்களுக்கு நல்வாக்குச் சொல்லித் தெம்பூட்ட அவரைக் கூட்டிப்போனார்கள். அதே லில்லியிடம்தான், சிறைப்பட்டிருந்த மன்னர் முதலாம் சார்ல்ஸ் தப்பினால் எந்தத் திசையில் ஒளிவது என்று கேட்டு 1647-இல் ஜேன் ஹோர்வுட் என்ற அரச விசுவாசி வந்தார். இலண்டனிலிருந்து ஏறத்தாழ 20 மைல் தொலைவில், எசெக்ஸ் பக்கம் என்று அவர் சொல்லியனுப்பினார். மன்னரோ அதற்குள் மேற்கே ஓடி, வைட் தீவில் மறுபடி அகப்பட்டுக்கொண்டார். அங்கே சன்னல் கம்பியை அறுக்க இரம்பமும், அதை அரிக்க அமிலமும் ஏற்பாடு செய்து தந்ததாக லில்லியே பிற்காலத்தில் எழுதினார். இரண்டு தரப்பும் நம்பிவந்த மனிதர் இரண்டு தரப்பின் இரகசியங்களையும் வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறார்.

சிக்கல் வராமலும் இல்லை. களவுபோன பொருளுக்குக் குறி சொல்வது சட்டப்படி குற்றமாக இருந்ததால் 1655-இல் வழக்கில் நின்று விடுதலையானார். 1651-இல் அவர் வெளியிட்ட படங்களில் பற்றியெரியும் ஒரு நகரம் இருந்ததால், 1666-இல் இலண்டனை எரித்த பெருந்தீக்குப் பிறகு, தீயை மூட்டியவர்களைத் தெரியுமா என்று நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தது. ஆண்டைக் கணிக்கவில்லை, கணிக்க விரும்பவும் இல்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டு வீடு திரும்பினார். 1681-இல் படுக்கையில் இயற்கையாக இறந்தார். அவருடைய குறிப்பேடுகள் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கின்றன.

லா வுவாசானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நகைக்கடைக்காரக் கணவர் நொடித்துப்போனதும், கைரேகையும் முகலட்சணமும் பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். பொற்சரிகையில் கழுகுகள் பின்னிய சிவப்பு வெல்வெட் அங்கி ஒன்றை 1,500 லீவர் செலவில் செய்து போட்டுக்கொண்டு, உயர்குடிப் பெண்களுக்குப் பலன் சொன்னார். பலன் கேட்க வந்தவர்கள் பலனோடு நிற்கவில்லை. கணவர் எப்போது இறப்பார் என்ற கேள்விக்குப் பின்னால் வேறொரு கேள்வி இருப்பது குறிசொல்லிக்குத் தெரியாதா? முதலில் புனிதர்களுக்கு வேண்டுதல், அடுத்து வசியப் பொடி, கடைசியில் 'வாரிசுப் பொடி' என்று கேலியாக அழைக்கப்பட்ட நஞ்சு. அந்தத் தொழில் இப்படித்தான் படிப்படியாக இறங்கியது.

குட்டு வெளிப்பட்டதும் வாயால்தான். மரி போஸ் என்ற இன்னொரு குறிசொல்லி ஒரு விருந்தில் குடித்துவிட்டு, இன்னும் மூன்றே மூன்று பேருக்கு நஞ்சு வைத்துவிட்டால் தொழிலை விட்டு ஓய்ந்துவிடலாம் என்று பெருமையடித்துக்கொண்டது உடனிருந்த வழக்கறிஞரின் காதில் விழுந்தது. துப்பறிவதற்காகக் காவலர் ஒருவரின் மனைவி, கணவரின் கொடுமை தாங்கவில்லை என்று மரி போஸிடம் அழுதுகொண்டு போக, இரண்டாம் முறையில் நஞ்சுக் குப்பி கைக்கு வந்துவிட்டது. அந்தத் துப்பைப் பின்தொடர்ந்ததில், 1679 மார்ச் 12 அன்று, பூசை முடிந்து தேவாலயத்தைவிட்டு வெளியே வந்த லா வுவாசான் பிடிபட்டார். நஞ்சு வழக்குகளுக்கென்று அமைந்த தனி நீதிமன்றத்தின் விசாரணையில் 36 பேருக்கு மரணதண்டனை நிறைவேறியது. 1680 பிப்ரவரி 22 அன்று அவரை எரிக்கக் கொண்டுபோன வண்டியைப் பார்த்த செவிஞே சீமாட்டி, தன்மேல் அடுக்கிய வைக்கோலை அவர் ஐந்தாறு முறை தள்ளிவிட்டதாகக் கடிதம் எழுதினார்.

அவர் போன பிறகு அவருடைய மகள் பேசத் தொடங்கினாள். அவள் சொன்ன பெயர்களில் மன்னர் பதினான்காம் லூயியின் காதலியும் அவருடைய பிள்ளைகளின் தாயுமான மோந்தெஸ்பான் சீமாட்டியின் பெயரும் இருந்தது. அந்தப் பகுதியை வழக்குக் கட்டிலிருந்து தனியே எடுத்து வைக்கச் செய்த மன்னர், 1682-இல் நீதிமன்றத்தையே கலைத்தார். குறிசொல்லிகள் நாட்டைவிட்டு வெளியேற ஆணையிட்டார். எடுத்துவைத்த தாள்களை 1709-இல் எரித்தார். விசாரித்தால் அந்தப் பெயர் வெளியே வரும் என்பதால், எஞ்சிய கைதிகளை விசாரணையின்றி எல்லைக் கோட்டைகளில் ஆயுள் முழுதும் அடைத்தார்கள். அவர்கள் மோந்தெஸ்பானைப் பற்றி எதையேனும் கத்தினால் யார் காதிலும் விழவிடக் கூடாது, வாய் திறந்தால் சவுக்கடி என்று பயமுறுத்தி வைக்க வேண்டும் என்று அமைச்சர் லுவுவா அதிகாரிக்கு எழுதினார்.