பற்றீரியாக்களைக் காற்று பனியில் கொண்டுபோய் இறக்குவது எப்படி?

ஐரோப்பிய மலைகளில் விழும் பனியில் பற்றீரியாக்கள் இருப்பதாகவும், அவை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்களுக்கு அப்பாலிருந்து காற்றில் வந்தவை என்றும் படித்ததாகவும், பனி தூய்மையானது என்ற எண்ணம் அப்படியானால் தவறா என்றும் கேட்டிருக்கிறீர்கள். படித்தது உண்மைதான். கிளிநொச்சிப் பக்கத்தில் பல ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற முறையிலும், இந்தக் கேள்வி என் சொந்த வீட்டுக்குள்ளேயே ஒருமுறை எழுந்தது என்பதாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2021 பெப்ரவரியில் சுவிற்சர்லாந்தில் இருக்கும் என் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தார். மலைச்சரிவு முழுவதும் பனி, ஆனால் செம்மஞ்சள் நிறத்தில். “தம்பி, இஞ்ச ஸ்னோ எங்கட ஊர்ப் புழுதி மாதிரிக் கிடக்கு” என்று எழுதியிருந்தார். அந்தப் பனியில் ஒரு கிண்ணம் எடுத்து உருக விட்டபோது அடியில் மண்ணிறமான வண்டல் படிந்ததாம். அது சகாராப் பாலைவனத்தின் தூசி. மத்தியதரைக் கடலைத் தாண்டி அல்ப்ஸ் மலைவரை காற்று அதைத் தூக்கி வந்திருந்தது. அந்தத் தூசியில் உயிருள்ளது ஏதும் இருக்குமா என்று அக்கா கேட்டதற்கு விடை தேடியபோதுதான் நான் இவற்றையெல்லாம் படித்தேன்.

முதலில் பருமனைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனெனில் எல்லாமே அதில்தான் தொடங்குகிறது. சூடடித்த களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மணி காலடியில் விழும், சப்பி சற்றுத் தள்ளி விழும், தூசியோ களத்தை விட்டே போய்விடும். ஒரு பற்றீரியா ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுடையது. அசையாத காற்றில் அந்த அளவுள்ள துணிக்கை ஒரு நாளில் கீழிறங்கும் தூரம் ஏறத்தாழ 3 மீற்றர் மட்டுமே. 20 மீற்றர் உயரமான ஒரு பனையின் தலையிலிருந்து அது தரைக்கு வர ஒரு வாரம் எடுக்கும். காற்று ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை என்பதால், தன் எடையால் மட்டும் அது தரைக்கு வந்து சேருவது மிகவும் அரிது. எனவே பற்றீரியாவைக் காற்று எப்படிச் சுமக்கிறது என்பதைவிட, அது எப்படிக் கீழே இறங்குகிறது என்பதே கடினமான கேள்வி.

மேலே ஏறுவதற்கு வழிகள் பல உண்டு. இலைகளின் மேற்பரப்பிலும் மண்ணிலும் வாழ்பவற்றைச் சூடான காற்று தூக்குகிறது. கடலில் அலை நுரையின் குமிழிகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளில் கடல்வாழ் பற்றீரியாக்கள் ஏறிக்கொள்கின்றன. வன்னியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கூரையிலும் கிணற்றுக்கட்டிலும் படியும் செம்புழுதியில்கூட அவை இருக்கும். அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகளை வகுப்பறை விறாந்தையில் சிறிது நேரம் திறந்து வைத்துவிட்டு, பின்பு மூடிவைத்து, சில நாட்களில் அவற்றின் மேல் வளரும் புள்ளிகளை மாணவர்களுக்குக் காட்டுவது என் வழக்கமாக இருந்தது. அவை பெரும்பாலும் பாடசாலை வளவிலிருந்தே வந்தவை என்பதையும் தவறாமல் சொல்வேன். காற்றில் உயிர் இருக்கிறது என்பதை மட்டுமே அந்தச் சோதனை காட்டும், அது வந்த தூரத்தைக் காட்டாது.

உயரத்தில் நிலைமை வேறு. 1860 இல் லூயி பாஸ்டர், கொதிக்கவைத்து மூடிய கரைசல் குடுவைகளை வெவ்வேறு உயரங்களில் திறந்து மூடிப் பார்த்தார். பிரான்சின் ஆர்புவா ஊரின் நாட்டுப்புறத்தில் திறந்த 20 குடுவைகளில் 8 கெட்டுப்போயின. அல்ப்ஸின் மொன்பிளாங் மலை அருகே பனியாற்றின் பக்கத்தில் திறந்த 20 இல் ஒன்றே ஒன்று கெட்டது. மேலே போகப் போக உயிர்கள் குறைகின்றன, ஆனால் இல்லாமற் போவதில்லை. குளிரையும் வறட்சியையும் புறஊதாக் கதிர்களையும் தாங்க முடியாதவை வழியிலேயே இறந்துவிடுகின்றன. தூசித் துணிக்கைகளின் வெடிப்புகளுக்குள் ஒட்டிக்கொண்டவை, நிறப்பொருளால் தம்மைக் காத்துக்கொள்பவை, வித்திகளாக உறங்குபவை ஆகியவற்றில் ஒரு பகுதி தப்பிப் பிழைக்கின்றது.

இறங்குவதற்கு வருவோம். முகிலிலுள்ள மிகத் தூய நீர்த்துளி பூச்சியத்துக்குக் கீழே 38 பாகை செல்சியஸ் வரைகூட உறையாமல் திரவமாகவே இருக்கக்கூடியது. உறைவதற்கு அதற்கு ஒரு கரு வேண்டும். கனிமத் தூசி கருவாக அமைந்தால், பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை அளவிலோ அதற்கும் கீழோதான் உறைதல் நடக்கும். ஆனால் பயிர்களின் இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பற்றீரியாவின் வெளிச்சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. அது நீர் மூலக்கூறுகளைப் பனிக்கட்டிப் பளிங்கின் ஒழுங்கிலேயே அடுக்கிவிடுவதால், பூச்சியத்துக்குக் கீழே 2 பாகை அளவிலேயே நீர் உறையத் தொடங்குகிறது. இலையில் அது நடந்தால் கலங்கள் சேதமுற்று, பற்றீரியாவுக்கு உணவு கிடைக்கிறது. முகிலில் அது நடந்தாலோ, பற்றீரியாவைச் சுற்றியே பனிப்பளிங்கு வளர்ந்து, கனத்து, கீழே விழுகிறது. தானாக இறங்க முடியாத அந்தச் சின்னஞ்சிறு உயிர், தனக்கு வேண்டிய பாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பதை முதன்முதலில் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிர்நோயியலாளர் டேவிட் சான்ட்ஸ் 1980களின் தொடக்கத்திலேயே, இலையிலிருந்து முகிலுக்கு ஏறி மீண்டும் கீழே இறங்கும் இந்தச் சுற்றோட்டத்தை முன்வைத்தார். 2008 இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரென்ட் கிறிஸ்ட்னரும் சான்ட்ஸ் உள்ளிட்ட குழுவினரும் அந்தாட்டிக்கா உட்படப் பல இடங்களின் புதுப்பனியைச் சோதித்து, உயிர்வழி வந்த உறைகருக்கள் எங்கும் பரவியிருப்பதைக் காட்டினார்கள். உருகிய பனிநீரைச் சூடாக்கினால் புரதம் சிதைந்துவிடும், கனிமத் தூசி சிதையாது; இந்த வேறுபாட்டைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம். ஆயினும் ஒவ்வொரு பனித்துகளின் நடுவிலும் ஒரு பற்றீரியா இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கடுங்குளிரான முகில்களுக்குத் தூசியே போதும். கருவாக இல்லாதவையும் விழுகின்ற பனித்துகளில் வழியில் ஒட்டிக்கொண்டு இறங்குகின்றன.

ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில் நிலத்தின் நேரடிப் பாதிப்புக்கு அப்பாற்பட்ட உயரத்தில் அளந்து 2018 இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு சதுர மீற்றரில் ஒரு நாளில் 30 இலட்சம் முதல் 8 கோடிக்கும் மேற்பட்ட பற்றீரியாக்கள் விழுவதாகக் கணித்தது. மழை நாட்களிலும் சகாராத் தூசி வந்த நாட்களிலும் அந்த எண்ணிக்கை கூடியது. அக்காவின் கேள்விக்கு இதையே பதிலாக எழுதினேன். காற்றில் வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை மண்ணிலும் இலையிலும் வாழ்பவை, மனிதருக்கு நோய் தருபவை அல்ல என்பதையும் சேர்த்து எழுதினேன். ஆனாலும் நிறம் மாறிய பனியைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

வன்னியில் ‘பனி’ என்றால் மார்கழி விடியலில் வைக்கோலை நனைக்கும் பனிதான். வெண்பனி நமக்குப் படத்தில் மட்டுமே. ஆனால் நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு இறங்கிவிடுகிறது. கார்த்திகையில் திரளும் பெருமுகில்கள் அதையும் தாண்டி உயர்கின்றன. அங்கே பனித்துகள்களாக உருவானவைதான் இறங்கும் வழியில் உருகி, இரணைமடுக் குளத்தில் விழும் மழையின் ஒரு பகுதியாகின்றன. நம்மிடம் சோளகமாக வீசும் தென்மேற்குக் காற்றோட்டமோ வங்காள விரிகுடாவைக் கடந்து போய், இமயமலை உயரங்களில் கோடைப்பனியாகப் பொழிகிறது. நம் வயலின் பற்றீரியா ஒன்று அங்கு போய் இறங்கியது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது, ஆனால் அங்கு போவதற்கான வழி ஒவ்வோர் ஆண்டும் திறந்தே இருக்கிறது.