பெல்ஜியம் போகும் மகளுக்கு பிளஸ் டூ பிரெஞ்சு போதுமா?

அன்புள்ள அம்மா,

மகளுக்கு லூவனில் பயோடெக் மாஸ்டர்ஸ் படிக்க இடம் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. "பாடம் ஆங்கிலத்தில்தான். வெளியே பேச பிளஸ் டூவில் படித்த பிரெஞ்சு இருக்கிறது, அப்புறம் என்ன கவலை?" என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள், உங்களுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை என்கிறீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது. லூவன் பிரெஞ்சு ஊர் அல்ல, டச்சு ஊர்.

பெல்ஜியத்தின் மக்கள்தொகை சுமார் 1.18 கோடி. ஏறக்குறைய 60 சதவீதம் பேர் டச்சு பேசுபவர்கள் என்றும், 40 சதவீதத்தை ஒட்டி பிரெஞ்சு பேசுபவர்கள் என்றும் சொல்வார்கள். கிழக்கே ஜெர்மனி எல்லையோரம் ஓய்பென் ஊரைச் சுற்றியுள்ள ஜெர்மன் பேசும் பகுதியில் சுமார் 80,000 பேர் இருக்கிறார்கள். சதவீதங்களைத் துல்லியமாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொழி பற்றிக் கடைசியாகக் கேட்டது 1947-இல். எந்த ஊர் எந்த மொழிப் பக்கம் என்று அந்தக் கணக்கை வைத்துப் பெரிய சண்டை வந்தது. 1961-இல் சட்டம் போட்டு அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மொழி எல்லையைச் சட்டப்படி நிரந்தரமாக வரைந்தும் விட்டார்கள்.

உங்கள் மகளுக்கு முக்கியம் அந்தக் கோடுதான். கோட்டுக்கு வடக்கே ஃபிளாண்டர்ஸ், அங்கே டச்சு. தெற்கே வலோனியா, அங்கே பிரெஞ்சு. நடுவில் பிரஸ்ஸல்ஸ் மட்டும் சட்டப்படி இருமொழி நகரம். தெருவில் அதிகம் காதில் விழுவது பிரெஞ்சு. ஆகவே "பெல்ஜியத்துக்கு எந்த மொழி படிக்கலாம்?" என்று கேட்காதீர்கள். எந்த ஊர் என்று முதலில் முடிவாகட்டும், மொழி தானாக முடிவாகிவிடும். லூவன், கென்ட், ஆண்ட்வெர்ப் என்றால் டச்சு. லியேஜ், நமூர், மோன்ஸ் என்றால் பிரெஞ்சு.

ஒரு விஷயத்தை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஆஃபர் லெட்டரில் எழுதியிருப்பது லூவனா, லூவான்-லா-நெவ்வா? 1425-இல் தொடங்கிய லூவன் பல்கலைக்கழகம் 1968-இல் மொழிச் சண்டையில் இரண்டாக உடைந்தது. அந்தச் சண்டையில் அரசாங்கமே கவிழ்ந்தது. பிரெஞ்சுப் பிரிவு கோட்டுக்குத் தெற்கே வயல்வெளியில் புது ஊரே கட்டிக்கொண்டு குடியேறியது, அதுதான் லூவான்-லா-நெவ். நூலகப் புத்தகங்களைக்கூட ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் பார்த்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இப்போது இவை இரண்டு தனித்தனிப் பல்கலைக்கழகங்கள், பெயர் மட்டும் ஏறக்குறைய ஒன்று. பிரஸ்ஸல்ஸிலும் இதே கதைதான். 'சுதந்திரப் பல்கலைக்கழகம்' என்ற ஒரே பெயரில் பிரெஞ்சில் ஒன்றும் டச்சில் ஒன்றும் இருக்கின்றன. ஏஜென்ட் மூலம் விண்ணப்பித்திருந்தால் இதை நீங்களே ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

லூவன்தான் என்றால், படிக்கும் காலத்தில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். ஆனால் நகராட்சிப் படிவங்கள் டச்சில் வரும். கடையில் பிரெஞ்சில் ஆரம்பிப்பதைவிட ஆங்கிலத்தில் ஆரம்பிப்பது நல்லது. பழைய காயம் முழுசாக ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

சிக்கல் வேலை தேடும்போதுதான் வரும். ஃபிளாண்டர்ஸில் உள்ள நிறுவனம் தொழிலாளியோடு செய்யும் பணி ஒப்பந்தத்தை டச்சில் எழுத வேண்டும், வலோனியாவில் பிரெஞ்சில். வேலைவாய்ப்பு அலுவலகமும் மூன்று பிராந்தியங்களுக்கும் தனித்தனி. வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி தரும்போது பார்க்கும் சம்பள வரம்பைக்கூட ஒவ்வொரு பிராந்தியமும் தனியாக வைத்திருக்கிறது. லூவனில் இருக்கும் ஐமெக் போன்ற ஆய்வு மையத்தில் ஆங்கிலமே புழங்கும். ஆனால் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு, மருந்து விற்பனை, மருத்துவமனை ஆய்வகம் என்று போனால் உள்ளூர் மொழி இல்லாமல் ஆகாது.

"பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றிய அலுவலகம், நேட்டோ எல்லாம் இருக்கிறதே?" என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். அங்கே நிரந்தர வேலைக்கு உறுப்பு நாடுகளின் குடியுரிமை வேண்டும்.

அப்படியானால் படித்த பிரெஞ்சு வீணா? இல்லை. அவள் துறையைப் பொறுத்தவரை அது நல்ல கையிருப்பு. லூவனிலிருந்து அதிகத் தூரமில்லாமல், கோட்டுக்கு அந்தப் பக்கம், வாவ்ர் என்ற ஊரில் ஜிஎஸ்கே நிறுவனம் பெரிய அளவில் தடுப்பூசி தயாரிக்கிறது. யூசிபி மருந்து நிறுவனமும் வலோனியாவில் பிரேன்-லாலுவில் இருக்கிறது. வடக்கே பூர்ஸில் ஃபைசர், பேர்ஸவில் ஜான்சன். இரு பக்கமும் விண்ணப்பிக்கக்கூடிய பெண்ணுக்கு வாய்ப்பு கூடும். ஆனால் மார்க்குக்காகப் படித்த பிளஸ் டூ பிரெஞ்சை வைத்து இன்டர்வியூவில் பேச முடியாது, அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையிலோ புதுச்சேரியிலோ அலியான்ஸ் பிரான்சேஸ் பிரெஞ்சு மையத்தில் சேர்ந்து பி1 என்கிற இடைநிலை வரை கொண்டுபோகட்டும்.

டச்சு வகுப்பு நம் பக்கம் கிடைப்பது கஷ்டம். ஆன்லைனில் ஏ1 என்கிற தொடக்க நிலையை முடித்துவிட்டுப் போனால் போதும். அங்கே அரசு உதவியில் நடக்கும் வயதுவந்தோர் கல்வி மையங்களில் மாலை வகுப்பு உண்டு, கட்டணமும் அதிகம் இல்லை. டச்சு ஆங்கிலத்துக்கு நெருங்கிய மொழி என்பதால் பயப்பட வேண்டாம். முதல் செமஸ்டரிலேயே சேர வேண்டும். தீசிஸ் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

பகுதி நேர வேலை பற்றிக் கேட்டீர்கள். படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை அனுமதி உண்டு. அதை வைத்து வாழ்க்கைச் செலவை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள். பட்டம் வாங்கியபின் வேலை தேட 12 மாதம் தங்கலாம். மாணவர் தங்கும் அனுமதி முடிவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

ஆஃபர் லெட்டரையும் பாடத்திட்டப் பக்கத்தையும் அனுப்பி வையுங்கள். இரண்டாம் ஆண்டில் இன்டர்ன்ஷிப் இருக்கிறதா, அது எந்தப் பிராந்தியத்தில் என்று பார்த்துச் சொல்கிறேன். எந்த மொழிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதை அதற்கப்புறம் மகளோடு பேசுவோம்.