சிட்டையில் தேதி

அன்புள்ள அண்ணாச்சி,

ஸ்தோத்திரம். எனக்கு 34 வயது. மும்பை பக்கம் வீடு கல்யாணில், வேலை ஐரோலியில். எங்கள் சபையில் நோக்கமுள்ள கிறிஸ்தவ வாழ்க்கை பற்றி எட்டு வாரம் வகுப்பு நடந்தது. கடைசி வாரம், வாழ்வின் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னார்கள். வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால்தான் அர்த்தம் வருமா? காலை 4 மணி ஜெபம் மூன்று நாளில் நின்றுவிட்டது. வேத வாசிப்புக்கு நல்ல செயலி உண்டா? இரவு பதினொன்றுக்குத் திரும்பும்போது, இருமிக்கொண்டே கேட்டைத் திறக்கும் வாட்ச்மேனைத் தவிர நான் முகம் பார்க்க ஆளில்லை. தேவ சித்தத்தை எப்படி அறிவது?

ஜே.

அன்புள்ள தம்பி,

உடனே பதில் எழுதுகிறேன். போன வாரம் பரணை ஒதுக்கும்போது என் சித்தப்பாவின் சிட்டை, அதாவது குறிப்பு நோட்டு, கையில் கிடைத்தது. அன்றிலிருந்து மனம் அதிலேயே கிடக்கிறது.

எந்தச் செயலியானாலும் சரி, திறந்தால் போதும். பதினொன்றுக்கு வீடு திரும்புகிறவரை நாலு மணிக்கு எழும்பச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆறு மணிக்கு எழும்புங்கள். வெற்றுத்தாள் கொடுத்ததற்கு வருந்த வேண்டாம்.

ஆனால் முழுநேர ஊழியம் என்ற அந்தச் சொல்! அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஊழியக்காரர்கள்மேல் அல்ல, அந்தச் சொல்லின்மேல். அது முழுநேரம் என்றால் நீங்கள் யார், பகுதிநேரக் கிறிஸ்தவரா? ஆறு நாள் கம்பெனிக்கு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஆண்டவருக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்தது யார்? பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தார். அந்த ஊரில் ஒன்றரை வருஷம் இருந்தார். சீலாவும் தீமோத்தேயுவும் வந்த பிறகு பிரசங்கத்துக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது, உண்மைதான். ஆனால் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, ஒருவருக்கும் பாரமாகாதபடி இரவும் பகலும் வேலை செய்தோம் என்கிறார். மிலேத்துவில் எபேசு சபை மூப்பர்களிடம் விடைபெறும்போது தன் கைகளைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். 1793-ல் வங்காளம் வந்த மிஷனெரி வில்லியம் கேரி இங்கிலாந்தில் செருப்புத் தைத்தவர். இங்கே அவுரித் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டே வேதத்தை மொழிபெயர்த்தார். 1801-ல் வங்காளிப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. இவர்களில் யாரைப் பகுதிநேரம் என்பீர்கள்?

கை என்றால் எனக்குச் சித்தப்பாவின் கைதான். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் விரலிடுக்கில் சாயக் கறுப்பு போகாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி தாதரில் வந்து இறங்கும் பையன்கள் முதலில் அவர் வீட்டுப் பரணில்தான் படுப்பார்கள். வேலை கிடைத்ததும் மும்பையில் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் பெயர்தான் சிட்டையில் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வரிசையாகத் தேதிகள். ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார், வாரம் ஒரு பெயர்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஆன்டாப் ஹில்லுக்கு என்னையும் கூட்டிப்போனார். மஞ்சள் காமாலையில் ஒரு பையன் பாயில் கிடந்தான். சித்தப்பா தரையில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்தார். சுளையின் வெள்ளைத் தோலைக் கீறி, விதை நீக்கி, ஒவ்வொன்றாக அவன் வாயில் வைத்தார். அந்த மஞ்சள் சுளையும் கறுத்த விரலும் இன்னும் கண்ணில் நிற்கிறது. உரித்த நேரத்தில் பாதிகூட ஜெபிக்கவில்லை. ஒரு பரமண்டல ஜெபம், அவ்வளவுதான். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே சிட்டையில் தேதி போட்டார். எதற்கு என்று கேட்டேன்.

“தேதி போடலன்னா, நேத்துதான பாத்தோம்னு மனசு சொல்லும்லே. மனசு பொய் சொல்லும்.”

உங்கள் வகுப்பில் சொல்ல வந்ததும் இதுவாகத்தான் இருக்கும். அன்பு தானாக ஊறி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று எடுத்து வைத்தார். அவர் போன பிறகு அந்தச் சிட்டையை நான் வாங்கிக்கொண்டு வந்தேன். அதில் ஒரு தேதிகூட நான் சேர்க்கவில்லை தம்பி. பத்தொன்பது வருஷம் பரணில் கிடந்திருக்கிறது. போன வாரம் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு அழுதேன்.

தேவ சித்தத்தைத் தொலைந்துபோன சாவி மாதிரித் தேடுகிறீர்கள். “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்று எழுதி, அதுவே உங்களைக்குறித்து தேவனுடைய சித்தம் என்று அடுத்த மூச்சில் சொல்லியிருக்கிறதே, வாசிக்கவில்லையா?

இன்னொன்று. என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை. நீங்கள் எவ்வளவு தனியாக இருக்கிறீர்கள் என்று காட்டுவதற்காக அந்த வாட்ச்மேனை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தனிமை எனக்குப் புரிகிறது. நானும் இந்த நகரத்தில் அப்படி இருந்தவன்தான். ஆனால் இருமுவது அவர். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். வழக்கமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்படும். பகலில் அவருக்குத் தூக்கம், உங்களுக்கு வேலை. ஆகவே ஒரு நாள் காலையில் லீவு போடுங்கள்.

அவர் பெயர் என்ன? எந்த ஊர்? இருமல் எப்போதிலிருந்து? அடுத்த கடிதத்தில் தேதி போட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி