லீவில் வந்த ஜவானுக்குப் பதக்கம் உண்டா?

கேள்வி: என் அண்ணன் மெட்ராஸ் ரெஜிமெண்டில் நாயக். போன வருஷம் சித்திரையில் லீவில் வந்திருந்தார். முக்கையூர்க் கரையில் குளிக்க இறங்கிய இரண்டு பையன்களைக் கடல் இழுத்தபோது காப்பாற்றப் போனார். பையன்கள் பிழைத்துக்கொண்டார்கள், அண்ணன் போய்விட்டார். அவருக்குச் சௌரிய சக்ரா வாங்கித் தருவதாக ஒருவர் 80,000 ரூபாய் கேட்கிறார். லீவில் இறந்தவருக்குப் பதக்கம் கிடைக்குமா? – சாயல்குடி அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, அந்த 80,000 ரூபாய் முதலில் அண்ணி கையிலேயே இருக்கட்டும். ராணுவப் பதக்கத்தைக் குடும்பம் மனுப் போட்டு வாங்குவதில்லை. படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர் எழுத வேண்டும். அது படிப்படியாக ஏறி, டெல்லியில் குழு பார்த்து, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு வெளிவரும். நம் திருவாடானைப் பக்கம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி 2020 ஜூன் 15 அன்று சீன எல்லையில் கல்வானில் வீழ்ந்தார். 2021 குடியரசு தினத்தில் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. எதிரியின் முன்னால் காட்டிய வீரத்துக்கான விருது அது. உங்கள் அண்ணனுடையது எதிரி இல்லாத இடத்தில் காட்டிய வீரம், அது வேறு வகை.

இந்த ஆட்கள் தொழில் நடத்தும் விதத்தைக் கேளுங்கள். பத்து வீட்டில் பணம் வாங்குவார்கள். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 பட்டியல் வரும்வரை போனை எடுக்க மாட்டார்கள். பெயர் வந்துவிட்டால் “நான்தான் முடித்தேன்”. வராவிட்டால் “அடுத்த லிஸ்டில் பார்க்கலாம்”. சௌரிய சக்ராவுக்கு மாதம் 6,000 ரூபாய் படி உண்டு, 2017-இலிருந்து அந்தத் தொகை. அதைக் காட்டித்தான் ஆசை மூட்டுகிறார்கள். பணத்தைவிட மோசம், ஒரிஜினல் காகிதங்களை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது. பிறகு அதை மீட்கவே தனியாக ஒரு தொகை அழ வேண்டும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். லீவு குறை இல்லை, தங்கச்சி. உங்களுக்கு அதுதான் சாவி. ஜீவன் ரக்ஷா பதக்கம் என்று ஒன்று 1961 முதல் உண்டு. உயிரைக் காப்பாற்றியவருக்கான விருது, மறைந்தவருக்கும் தருகிறார்கள். சர்வோத்தம், உத்தம், சாதா என மூன்று நிலை; முறையே 2 லட்சம், ஒன்றரை லட்சம், 1 லட்சம், ஒரே தடவை. படைவீரருக்கும் போலீசுக்கும் தீயணைப்புக்காரருக்கும் இதைத் தரலாம், ஆனால் காப்பாற்றியது பணிக்கு வெளியே நடந்திருக்க வேண்டும். யூனிட்டோடு வெள்ள நிவாரணத்துக்குப் போய் அங்கே ஒருவரைத் தூக்கியிருந்தால் அது அவர் வேலை என்று ஒதுக்கிவிடுவார்கள். லுங்கியோடு கரையில் நின்றவர் குதித்தார் என்றால் அதை வேலை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே லீவு சர்டிபிகேட்டின் நகல் முக்கியம். வீட்டில் இல்லையென்றால் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்டு ஆபீசுக்கு, நம்பரும் ராங்கும் போட்டு எழுதுங்கள். புறப்பட்ட தேதியும் திரும்ப வேண்டிய தேதியும் அதில் இருக்கும். சம்பவத் தேதி இரண்டுக்கும் நடுவே விழுந்தால் போதும்.

பரிந்துரை கலெக்டர் வழியாக மாநில அரசுக்கும், அங்கிருந்து உள்துறை அமைச்சகத்துக்கும் போகும். இங்கேதான் எனக்கு எரிச்சல். கலெக்டர் அலுவலக மேஜையில் “ராணுவக்காரர்தானே, ராணுவத்தைக் கேளுங்க” என்பார்கள். ராணுவத்தில் கேட்டால் “சம்பவம் உங்க ஊர்லதானே” என்பார்கள். இரண்டு பக்கமும் எழுத்தில் கொடுத்து, ரசீது முத்திரை வாங்குங்கள். பென்ஷன் மேஜையில் நான் இருந்த காலத்தில், ஓர் அலுவலகம் ஒரு தாயாரின் கோப்பையே திருப்பி அனுப்பியது. இனிஷியல் ஒரு காகிதத்தில் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால். சர்வீஸ் ரெக்கார்டிலும் ரேஷன் கார்டிலும் அண்ணன் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஜீவன் ரக்ஷாவுக்கு இரண்டு வருஷம் தாண்டிய சம்பவத்தை எடுக்க மாட்டார்கள். சித்திரையிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். தமிழக அரசின் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் தனி. அதற்கு நீங்களே விண்ணப்பிக்கலாம், மாவட்ட நிர்வாகத்தில் விவரம் கேளுங்கள்.

காகிதத்தில் எடை கூட்டுவது நேரில் பார்த்தவர் சாட்சிதான். “தங்கமான மனுஷன், ஊருக்கே உதாரணம்” என்று ஒரு பக்கம் எழுதிவந்தால் எந்த அதிகாரியும் படிக்க மாட்டார். பையன்களின் அப்பாவிடம் போங்கள். எத்தனை மணி, எந்தக் காற்று, நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுத்தது, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டு எழுதுங்கள். “முதல் பையனை வத்தைப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டாவது பையனுக்காகத் திரும்பினார், அப்புறம் மேலே வரவில்லை” என்ற ஒரு வரி வேண்டும். அந்த வத்தைக்காரர், அதாவது படகுக்காரர், கையெழுத்தும் சேரட்டும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் திரும்பினார் என்பது அந்த இரண்டாவது போக்கில்தான் இருக்கிறது. பதக்கத்தின் நிலை அதைப் பொறுத்து மாறும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, அன்றைய செய்தித்தாள் துண்டு மூன்றும் பின்னால் இணையட்டும்.

இறப்புச் சான்றிதழை அந்த ஆள் ஏற்கெனவே வாங்கிப் போயிருந்தால், அதற்காக அவர் வாசலில் போய் நிற்காதீர்கள். பதிவு செய்த அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு நகல் தருவார்கள்.