அரிச்சல்முனையில் கலைந்த முடி

கேள்வி: நிச்சயம் முடிந்த கையோடு தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தோம். காற்றில் முடியெல்லாம் கலைந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர் ஏஐ-யில் போட்டுச் சரிசெய்து தந்தார். அம்மா பார்த்துவிட்டு, ‘இது யார் வீட்டுப் பொண்ணு?’ என்கிறார். பழைய காலத்து ஆள், எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: அம்மாவுக்குப் புரியவைக்க ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அந்தத் தலையைப் பின்னிவிட்டவர் அவர்தானே, நெற்றியில் முடி எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சுழி என்று அவருக்குத் தெரியாததா ஏஐ-க்குத் தெரிந்துவிடப் போகிறது?

அது உங்கள் தங்கச்சி முடியைச் சீவிவிடவில்லை. தேர்ந்தெடுத்துக் கொடுத்த இடத்தை அழித்துவிட்டு, லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில் அங்கே வேறொரு முடியை வரைந்து வைத்திருக்கிறது. முடியின் கனம் 0.1 மில்லிமீட்டருக்குள்தான், 24 மெகாபிக்சல் கேமராவில் ஆள் முழுக்கத் தெரிய எடுத்தால் படத்தின் ஒரு புள்ளிக்குள், அதாவது ஒரு பிக்சலுக்குள், அதைப்போல மூன்று இழை அடங்கும், அதனால் பறக்கிற ஒற்றை முடி பின்னால் இருக்கும் வானத்தோடு பாதி கலந்துதான் பதிவாகிறது. எது முடி, எது வானம் என்று பிரிக்க வழியில்லாதபோது ஊகம்தான். அந்த ஊகத்தில்தான் காது மடல் மாறும், இரண்டு ஜிமிக்கியும் இரண்டு தினுசாகும், மல்லிகைச் சரம் பஞ்சுப் பொதியாகிவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இதில் ஒன்றாவது இருக்கும்.

அதற்காக ஏஐ-யே கூடாது என்று சொல்ல வரவில்லை. கண்ணுக்கும் உதட்டுக்கும் குறுக்கே விழுந்த இரண்டு மூன்று இழைகளை எடுக்கட்டும், ஒவ்வொன்றாக, சின்னச் சின்ன இடமாகத் தேர்ந்தெடுத்து, அசல் படத்தைத் தொடாமல் அதன்மேல் வைக்கிற தனி லேயரில். மொத்தத் தலையையும் வளைத்துக் கொடுத்தால் ஹெல்மெட் மாட்டியதுபோல்தான் வரும். வானத்தில் பறக்கிற முடியை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்தி வைக்கிற காற்று, அங்கே போய் நின்றவளுக்கு ஒரு முடிகூடக் கலையவில்லை என்றால் ராமேஸ்வரத்தில் யார் நம்புவார்கள்?

உண்மையில் இது படம் எடுக்கும்போதே கவனித்திருக்க வேண்டியது. ஒரு பக்கம் ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா, ஒரு பக்கம் பெண்கடல் என்கிற வங்கக் கடல், இரண்டுக்கும் நடுவே ஒதுங்க ஒரு சுவர்கூட இல்லாத மணல். காற்று வருகிற திசைக்கு முகம் காட்டி நிறுத்தினால் முடி தானாகப் பின்னால் போயிருக்கும். கடல்தான் பின்னணியாக வேண்டும் என்று ஸ்டூடியோக்காரர் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்திருப்பார், அத்தனை முடியும் முகத்துக்கு வந்திருக்கும். (அதற்குத் தனியாக எடிட்டிங் காசு வேறு வாங்கினாரா?)

சரி, இப்போது செய்ய வேண்டியது: கைவைக்காத அசல் ஃபைல்களை ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். ஆல்பம் அச்சுக்குப் போகுமுன் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.