அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் உருவான கதை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் தொடங்கியது 1875 என்கிறார்கள், 1920 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். 1875 மே 24 அன்று சர் சையது அகமது கான் தொடங்கியது ஒரு பள்ளி. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த முகமதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். பல்கலைக்கழகச் சட்டம் 1920-இல்தான் வந்தது. அதைப் பார்க்க சர் சையது இல்லை; 1898-இலேயே காலமாகிவிட்டார்.

கேள்வி: அவருக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது?

பதில்: 1869-இல் மகனின் படிப்புக்காக இங்கிலாந்து போனபோது கேம்பிரிட்ஜைப் பார்த்தார். மாணவர்கள் ஒரே வளாகத்தில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, வாதாடி, விளையாடி வளர்வது அவர் மனதில் பதிந்துவிட்டது. அலிகரில் விடுதிக்கும் விவாத மன்றத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் கிடைத்த முக்கியத்துவம் அங்கிருந்து வந்ததுதான்.

கேள்வி: உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், எதிர்த்தார்களாமே? பணத்துக்கு என்ன செய்தார்?

பதில்: கடுமையாக எதிர்த்தார்கள். அவர் காஃபிர், அதாவது இறைமறுப்பாளர், என்றே ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வந்தது. அவரது மார்க்கக் கருத்துகள்தான் அதற்குக் காரணம். அவர் மார்க்கக் கல்வியைப் பழமைவாதிகளின் பொறுப்பிலேயே விட்டுவிட்டு, தான் அதில் தலையிடாமல் ஒதுங்கிக்கொண்டார். கல்லூரி பிழைத்ததற்கு இந்த விட்டுக்கொடுத்தல் முக்கியக் காரணம் என்பேன். பணத்துக்கு ஊர் ஊராகப் போய்க் கையேந்தினார், லாட்டரி கூட நடத்தினார். கொடுத்தவர்களின் பெயர்களை அங்கே கல்லில் பொறித்திருக்கிறார்கள். அவற்றில் இந்துக்களின் பெயர்களும் உண்டு. கல்லூரியின் முதல் பட்டதாரி ஈஸ்வரி பிரசாத், ஓர் இந்து.

கேள்வி: அவர் இறந்த பிறகும் கல்லூரி பல்கலைக்கழகமாக ஏன் 22 வருடம் இழுத்தது?

பதில்: அதிகாரம் யார் கையில் என்ற சண்டைதான். 1911-இல் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான ஆகா கான் தலைமையில் நிதி திரட்டினார்கள். இந்தியா முழுவதும் உள்ள முஸ்லிம் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். லண்டன் மறுத்தது. ‘முஸ்லிம்’ என்ற சொல்லே வேண்டாம், ‘அலிகர் பல்கலைக்கழகம்’ போதும் என்றது. இதற்குள் 1915-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகச் சட்டம் வந்துவிட்டது. அதே அச்சில் அலிகருக்கும் தருவோம் என்றார்கள். கடைசியில் பெயர் கிடைத்தது, இணைப்புரிமை போனது. பெயரைவிட இணைப்புரிமைதான் பெரிது என்பது என் கருத்து. அது கிடைத்திருந்தால் சென்னையிலோ லாகூரிலோ உள்ள ஒரு கல்லூரி கூட அலிகரின் பட்டம் தந்திருக்கலாம்.

கேள்வி: முதல் வேந்தர் ஒரு பெண்ணா சார்?

பதில்: ஆமாம், போபால் பேகம் சுல்தான் ஜஹான். முதல் துணைவேந்தர் மஹ்மூதாபாத் ராஜா.

கேள்வி: டெல்லியில் உள்ள ஜாமியா மில்லியா பல்கலைக்கழகம் இதிலிருந்து பிரிந்ததுதானே?

பதில்: ஆமாம். ஒத்துழையாமை இயக்கத்தின்போது காந்தியும், கிலாஃபத் இயக்கத் தலைவர்களான அலி சகோதரர்களும் அலிகர் வந்து, அரசு உதவியை உதறச் சொன்னார்கள். நிர்வாகம் மறுத்தது. ஒரு பகுதி மாணவர்கள் வெளியேறினார்கள். 1920 அக்டோபர் 29 அன்று, அதே கல்லூரியின் பள்ளிவாசலில் தேவ்பந்த் மார்க்க அறிஞர் மௌலானா மஹ்மூத் ஹசன் ஜாமியாவைத் தொடங்கிவைத்தார். 1925-இல் அது டெல்லிக்குப் போனது. அப்படி வெளியேறியவர்களில் ஒருவரான ஜாகிர் உசேன், பிரிவினைக்குப் பிறகு 1948-இல் அலிகருக்கே துணைவேந்தராக வந்தார்.